ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு: இயற்கணிதத்தையும் புள்ளியியலையும் எப்படித் திருப்பிப் பார்ப்பது?

உங்கள் மகள் தமிழ்நாடு அரசுப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் 12 நாள்களே உள்ளன, கணக்குப் பாடத்தில் இயற்கணிதமும் புள்ளியியலும்தான் அவளுக்குப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். சூத்திரங்களை எல்லாம் ஒரே தாளில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லலாமா, இரண்டில் எதை முதலில் எடுப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

சூத்திரத் தாள் வேண்டியதுதான். ஆனால் அது கடைசி இரண்டு நாள்களுக்கு உரியது. பல ஆண்டுகள் இந்த வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: சூத்திரம் மறந்து மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் குறைவு. சூத்திரத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் எண்களை இட்டு நிரப்புகிறவர்களும், வந்த விடை பொருந்துகிறதா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காதவர்களுமே அதிகம். இயற்கணிதத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் புள்ளியியலில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கக்கூடிய கணக்குகளில் பாதி, அட்டவணை வேடம் போட்ட இயற்கணிதம்தான். அதனால் இரண்டையும் தனித்தனிப் பாடமாக அடுக்காமல், முதல் 5 நாள்களில் இயற்கணிதம், அடுத்த 4 நாள்களில் அதையே பயன்படுத்திப் புள்ளியியல், மீதி நாள்களில் இரண்டும் கலந்த வினாத்தாள்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடநூலில் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே நான் ‘க’, ‘ப’ என்று எழுதப் போகிறேன். இது அவளுக்கே ஒரு சிறு சோதனையாகவும் அமையும்: எழுத்தை மாற்றியவுடன் கணக்கு அந்நியமாகத் தெரிந்தால், அவள் இதுவரை எழுத்தின் வடிவத்தைப் பழகியிருக்கிறாளே தவிர மாறி என்பதைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். மாறி என்பது இன்னும் மதிப்புத் தெரியாத ஓர் எண்; அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் கணக்கு மாறாது.

இயற்கணிதத்தின் முதல் நாளைக் குறிகளுக்கும் அடைப்புக்குறிகளுக்கும் மட்டுமே கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இது தாழ்வான வேலையாகத் தோன்றலாம். ஆனால் மேலே கட்டப்படும் எல்லாம் இதில்தான் சரிகின்றன. 5 − 2(க − 4) = 1 என்ற சமன்பாட்டை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். சிலர் 5 − 2க − 8 = 1 என்று எழுதி, க = −2 என்று முடிப்பார்கள். வேறு சிலர் 5-லிருந்து 2-ஐ முதலிலேயே கழித்து, 3(க − 4) = 1 என்று தொடங்குவார்கள். சரியான வழியில் 5 − 2க + 8 = 1, அதாவது 13 − 2க = 1, ஆகவே க = 6. இதில் அவள் பழக வேண்டியது கடைசியில் வரும் ஒரு வரிச் சோதனை: க இருக்கும் இடத்தில் 6-ஐ இட்டால் 5 − 2 × 2 = 1 என்று சரியாக வருகிறது; −2-ஐ இட்டால் 17 வருகிறது. பத்து வினாடிகூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்கிற பிள்ளைக்கு விடைத்தாள் திருத்துபவரின் சிவப்பு மையைத் தேர்வறையிலேயே பார்க்கும் வசதி கிடைத்துவிடுகிறது.

“அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொடுத்துவிட்ட வாய்ப்பாடு ஒன்று உண்டு. அதை இந்தப் பன்னிரண்டு நாள்களுக்காவது ஒதுக்கி வையுங்கள் என்பேன். 3க = −12 என்ற இடத்தில் 3 அந்தப் பக்கம் போகும்போது குறியையும் மாற்றி, −12-ஐ −3-ஆல் வகுத்து, க = 4 என்று எழுதும் தவறு இந்த வாய்ப்பாட்டின் பிள்ளைதான். உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. சமன்பாட்டின் இரு பக்கத்திலும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம், கழிக்கிறோம், பெருக்குகிறோம் அல்லது வகுக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, கழிக்கப்பட்டு நிற்கும் உறுப்பை இருபுறமும் கூட்டிச் சரிசெய்வதைத்தான் ‘அல்-ஜப்ர்’ என்று அழைத்தார். ஆங்கிலத்தில் இந்தப் பாடத்துக்கு வழங்கும் அல்ஜீப்ரா என்ற பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

முற்றொருமைகளுக்கு வருவோம். (க + 3)² என்பதை க² + 9 என்று எழுதாத மாணவரைப் பார்ப்பது அரிது. க = 1 என்று வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 10. முற்றொருமை என்ற பெயரே, மாறிக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இருபக்கமும் ஒன்றாக இருக்கும் என்பதைச் சொல்வது. ஆகவே ஒரே ஓர் எண்ணில் பொய்த்தாலும் அது முற்றொருமை ஆகாது. ஒரு சதுரம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் க, 3 என இரு துண்டுகளாகப் பிரித்து, உள்ளே விழும் நான்கு பகுதிகளின் பரப்பளவுகளை அவளையே எழுதச் சொல்லுங்கள். க², 9 என்ற இரண்டு சதுரங்களுக்கு இடையே 3க அளவுள்ள இரண்டு செவ்வகங்கள் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, நடுவில் வரும் 6க-வை அவள் எளிதில் விட்டுவிட மாட்டாள்.

காரணிப்படுத்துதலிலும், கோவையின் எண்களை மட்டும் வரிசையாக எழுதி வகுக்கும் தொகுமுறை வகுத்தலிலும் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. க³ − 7க + 6 என்ற கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால், கெழுக்களின் (உறுப்புகளில் உள்ள எண்களின்) கூடுதல் 1 − 7 + 6 = 0, அதாவது க = 1 என்று இட்டால் கோவை 0 ஆகிறது என்பதால் (க − 1) ஒரு காரணி என்று காரணித் தேற்றத்தின்படி உடனே சொல்லிவிடலாம். அடுத்துத் தொகுமுறை வகுத்தலுக்குக் கெழுக்களை வரிசையாக எழுதும்போது 1, 0, −7, 6 என்று எழுத வேண்டும். க² உறுப்பு இல்லாததால் அதன் இடத்தில் 0 வருகிறது. இந்த 0-ஐ மறந்து 1, −7, 6 என்று எழுதி வகுத்தால் என்ன ஆகும் தெரியுமா? மீதி அப்போதும் 0 என்றே வரும். 0-ஐச் சேர்த்தாலும் விட்டாலும் கெழுக்களின் கூடுதல் மாறாது, (க − 1)-ஆல் வகுக்கும்போது கிடைக்கும் மீதி அந்தக் கூடுதல்தான் என்பதே காரணம். மீதி 0 வந்துவிட்டதே என்று மகிழ்ந்துபோன பிள்ளை, ஈவு க − 6 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். மூன்றாம் படிக் கோவையை முதற்படிக் கோவையால் வகுத்தால் ஈவு இரண்டாம் படியில்தான் இருக்க வேண்டும் என்ற ஒரே கேள்வி அந்தத் தவறைப் பிடித்துவிடும். சரியான ஈவு க² + க − 6. அதன் காரணிகள் (க + 3), (க − 2). மூன்று காரணிகளின் மாறிலிகளான −1, 3, −2 ஆகியவற்றைப் பெருக்கினால் 6 வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. வகுக்கும் கோவை (க + 3) என்று இருந்தால் தொகுமுறை வகுத்தலில் இடப்பக்கம் −3 எழுத வேண்டும் என்பதையும், வகுக்காமலேயே மீதியைக் காணும் மீதித் தேற்றத்திலும் அதே −3-ஐத்தான் பிரதியிடுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒரே விஷயத்தின் இரு முகங்கள் என்று தெரிந்தால் மனப்பாடத்தின் சுமை பாதியாகும்.

இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளுக்குப் பாடநூல் நான்கு முறைகளைத் தருகிறது: வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை. முறையைக் குறிப்பிட்டு வினா வந்தால் அந்த முறையில்தான் செய்ய வேண்டும் என்பதால் நான்கையும் ஒருமுறையாவது எழுதிப் பார்க்க வேண்டும். முறை குறிப்பிடப்படாத இடங்களில் நீக்கல் முறையே பாதுகாப்பானது என்பது என் கருத்து. குறுக்குப் பெருக்கலில் குறிகளும் வரிசையும் எளிதில் தடுமாறும். அவசரத்தில் அதை நம்புவதற்கு நிறையப் பழக்கம் வேண்டும். நீக்கல் முறையில் ஒரு சமன்பாட்டை மற்றதிலிருந்து கழிக்கும்போது, கீழே உள்ள ஒவ்வோர் உறுப்பின் குறியையும், சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ள எண்ணின் குறியையும் மாற்ற வேண்டும். பெரும்பாலோர் முதல் உறுப்போடு நிறுத்திவிடுவார்கள். வரைபடத்துக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு புள்ளிகள் போதும் என்றாலும் மூன்றாவது புள்ளி ஒன்றைக் குறிப்பது நல்லது. மூன்றும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் கணக்கிட்டதில் பிழை என்று அங்கேயே தெரிந்துவிடும். அளவுத்திட்டம் எழுதுவதையும், வெட்டும் புள்ளியைத் தீர்வாகச் சொற்களில் எழுதுவதையும் மறக்கக் கூடாது.

இனிப் புள்ளியியல். இங்கே குழப்பம் பெரும்பாலும் மதிப்புக்கும், அது எத்தனை முறை வருகிறது என்பதைச் சொல்லும் நிகழ்வெண்ணுக்கும் இடையில் தொடங்குகிறது. ஒரு சிறு தேர்வில் 4 மதிப்பெண் பெற்றவர் 3 பேர், 5 பெற்றவர் 8 பேர், 6 பெற்றவர் 12 பேர், 7 பெற்றவர் 5 பேர், 8 பெற்றவர் 2 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 பேர். கூட்டுச் சராசரி காண 12 + 40 + 72 + 35 + 16 = 175 என்று கூட்டி, 30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.83 கிடைக்கும். அட்டவணையில் ஐந்து வரிசைகள் இருப்பதால் 175-ஐ 5-ஆல் வகுத்து 35 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதிகபட்ச மதிப்பெண்ணே 8 ஆக இருக்கும் வகுப்பில் சராசரி 35 எப்படி வரும் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. சராசரி எப்போதும் மிகச் சிறிய மதிப்புக்கும் மிகப் பெரிய மதிப்புக்கும் இடையில்தான் இருக்கும். முகடு, அதாவது அதிகம் பேர் பெற்ற மதிப்பெண், எது என்று கேட்டால் 12 என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு; 12 என்பது எத்தனை பேர் என்பதைச் சொல்வது, முகடு 6 மதிப்பெண். இடைநிலை அளவுக்கு, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்புக்கு, 15-ஆவது, 16-ஆவது மதிப்புகளைத் தேட வேண்டும். குவிவு நிகழ்வெண்கள் (அதுவரை வந்தவற்றைக் கூட்டிக்கொண்டே போனவை) 3, 11, 23 என்று போவதால் அவை இரண்டும் 6. அட்டவணை இல்லாமல் வெறும் எண்களாகக் கொடுத்தால், இடைநிலை அளவு காணும் முன் ஏறு வரிசையில் எழுத வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டினால் போதும்.

இதற்கிடையே ஒரு சிறு எச்சரிக்கை. இணையத்தில் தமிழ் விளக்கங்களைத் தேடும்போது இலங்கைப் பாடத்திட்டத்துக்கான காணொளிகளும் வரும். அவை தரமானவை, ஆனால் கலைச்சொற்கள் வேறு. அங்கே கூட்டுச் சராசரி ‘இடை’, இடைநிலை அளவு ‘இடையம்’, முகடு ‘ஆகாரம்’, நிகழ்வெண் ‘மீடிறன்’, இயற்கணிதம் ‘அட்சரகணிதம்’. இடை, இடைநிலை அளவு என்று ஒலி நெருங்கி இருப்பதால் குழம்பிக்கொள்ளும் வாய்ப்பு நிறைய இருக்கிறது. தேர்வு நெருங்கிய இந்த நாள்களில் ஒரே சொற்களோடு இருப்பது நல்லது.

இப்போது, இரண்டு பாடங்களையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னதன் காரணத்தை ஒரு கணக்கின் வழியாகவே காட்டுகிறேன். பிரிவு இடைவெளிகள் 0–10, 10–20, 20–30, 30–40, 40–50. நிகழ்வெண்கள் முறையே 5, க, 15, ப, 6. மொத்தம் 50, கூட்டுச் சராசரி 27. விடுபட்ட நிகழ்வெண்களைக் காண வேண்டும்.

மொத்தம் 50 என்பதிலிருந்து க + ப = 24 என்ற முதல் சமன்பாடு கிடைக்கிறது. நேரடி முறையில் போனால், மைய மதிப்புகள் 5, 15, 25, 35, 45 என்பதால் 25 + 15க + 375 + 35ப + 270 = 27 × 50 = 1350. சுருக்கினால் 15க + 35ப = 680; 5-ஆல் வகுத்தால் 3க + 7ப = 136. முதல் சமன்பாட்டை 3-ஆல் பெருக்கிக் கழித்தால் 4ப = 64, ஆகவே ப = 16, க = 8.

இதே கணக்கைப் படிவிலக்க முறையில் செய்து பாருங்கள். ஊகச் சராசரி (சராசரியாக நாமே முதலில் வைத்துக்கொள்ளும் எண்) 25, பிரிவின் நீளம் 10 என்று கொண்டால், மைய மதிப்புகள் 25-இலிருந்து எத்தனை பத்து விலகியுள்ளன என்று சொல்லும் விலக்கங்கள் −2, −1, 0, 1, 2. இவற்றை நிகழ்வெண்களோடு பெருக்கிக் கூட்டினால் −10 − க + 0 + ப + 12, அதாவது ப − க + 2. சராசரி 27 என்பது ஊகச் சராசரியைவிட 2 அதிகம். எனவே இந்தக் கூடுதலை 50-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 2 வர வேண்டும். அப்படியானால் கூடுதல் 10. ஆகவே ப − க = 8. க + ப = 24 என்பதோடு இதைக் கூட்டினால் 2ப = 32. மனக்கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. 680, 1350 போன்ற எண்களோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை. எனவே பிழை நேரும் இடம் குறைவு. ஊகச் சராசரி முறையும் படிவிலக்க முறையும் எதற்காகப் பாடத்தில் இருக்கின்றன என்று குறைப்பட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை விடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை.

கிடைத்த அட்டவணையை அப்படியே விட்டுவிடாமல் அதன் மற்ற அளவைகளையும் காணச் சொல்லுங்கள். நிகழ்வெண்கள் இப்போது 5, 8, 15, 16, 6. மொத்தத்தில் பாதி 25. குவிவு நிகழ்வெண்கள் 5, 13, 28 என்று போவதால் இடைநிலைப் பிரிவு 20–30. அந்தப் பிரிவுக்குள் நுழையும்போது 13 பேர் கடந்துவிட்டார்கள், இன்னும் 12 பேர் வேண்டும், அந்தப் பிரிவில் இருப்பவர் 15 பேர். எனவே பிரிவின் நீளமான 10-இல் பதினைந்தில் பன்னிரண்டு பங்கு, அதாவது 8, நடந்தால் போதும். இடைநிலை அளவு 28. சூத்திரம் சொல்வது இந்த நடையைத்தான். இப்படிக் கதையாகப் புரிந்துகொண்டவளுக்குச் சூத்திரத்தில் எந்தக் குவிவு நிகழ்வெண்ணை இடுவது, இடைநிலைப் பிரிவுக்கு உரியதா அதற்கு முந்தையதா என்ற ஐயமே எழாது. இந்தப் பகுதியில் மிகுதியாக நடக்கும் பிழை அதுதான். முகடு காண, அதிக நிகழ்வெண் உள்ள 30–40 பிரிவை எடுத்து, அதன் நிகழ்வெண்ணுக்கும் முந்தைய பிரிவுக்கும் உள்ள வேறுபாடு 1, அடுத்த பிரிவோடு உள்ள வேறுபாடு 10 என்று கண்டால், 30-உடன் 10-இல் பதினொன்றில் ஒரு பங்கைக் கூட்டி, ஏறத்தாழ 30.91 என்று பெறலாம். முகடு ≈ 3 × இடைநிலை அளவு − 2 × சராசரி என்ற தொடர்பின்படி 84 − 54 = 30 வருகிறது. இரண்டும் மிகச் சரியாக ஒத்துப்போகவில்லை என்று அவள் கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள். அது அனுபவத்தில் கண்ட தோராயத் தொடர்பே. வினாவில் அதைப் பயன்படுத்தச் சொன்னால் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

பிரிவு இடைவெளிகள் 1–10, 11–20 என்று இடைவெளி விட்டுக் கொடுக்கப்பட்டிருந்தால், இடைநிலை அளவும் முகடும் காணும் முன் 0.5–10.5, 10.5–20.5 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் கீழ் எல்லையை 11 என்று இட்டு, பிரிவின் நீளத்தை 9 என்று எடுத்தால் விடை கொஞ்சமாகத்தான் விலகும்; கொஞ்சம் என்பதாலேயே கண்ணில் படாமல் தப்பிவிடும்.

இரண்டு மதிப்பெண் கேள்விகளில் சராசரியை வைத்து விளையாடும் கணக்குகள் இரண்டு வகை. 30 மாணவரின் சராசரி 60. 36 என்ற மதிப்பெண் தவறுதலாக 63 என்று பதிவாகிவிட்டது என்றால், சராசரியைத் தொடாமல் கூடுதலுக்குப் போக வேண்டும்: 1800-இலிருந்து 63-ஐக் கழித்து 36-ஐக் கூட்டினால் 1773, சராசரி 59.1. இன்னொன்று: 30 பேர் கொண்ட பிரிவின் சராசரி 60, 20 பேர் கொண்ட பிரிவின் சராசரி 70 என்றால் மொத்தச் சராசரி 65 அல்ல, 3200-ஐ 50-ஆல் வகுத்து 64. இரண்டிலும் சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் கூடுதல் என்ற ஒரே வரிதான் வேலை செய்கிறது. சராசரியிலிருந்து எடுக்கப்பட்ட விலக்கங்களின் கூடுதல் எப்போதும் 0 என்ற ஒரு மதிப்பெண் செய்தியும் அதே வரியிலிருந்து பிறப்பதே. மூன்று எண்களை எடுத்து அவளையே அதை நிறுவச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

படிக்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாடநூலில் பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் அதே கணக்கை எழுதும்போதுதான் எந்த வரியில் தடை இருக்கிறது என்பது தெரியவரும். அந்த வரியை மட்டும் ஒரு குறிப்பேட்டில், தான் செய்த தவறு இது, சரி இது என்று இரண்டு வரியில் எழுதி வைக்கட்டும். நீங்கள் கேட்ட சூத்திரத் தாளைவிட இந்தக் குறிப்பேடு கடைசி நாளில் அதிகம் உதவும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் போதும். இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார வைத்தால் கூட்டல், கழித்தல் குறிகளில் பிழைகள்தான் பெருகும்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், 10 இரண்டு மதிப்பெண் வினாக்கள், 10 ஐந்து மதிப்பெண் வினாக்கள், செய்முறை வடிவியலும் வரைபடமுமாக 2 எட்டு மதிப்பெண் வினாக்கள் என 100 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கும் இதையொட்டியே வினாத்தாள் அமைப்பார்கள் என்றாலும், அவளுடைய ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐந்து மதிப்பெண் வினாவில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே விடை வராவிட்டாலும் அட்டவணையை முழுமையாகப் போட்டு, சூத்திரத்தை எழுதி, அதில் மதிப்புகளைப் பிரதியிடும் வரை எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசி மூன்று நாள்களில் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதட்டும். தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில் புதிய கணக்கு எதையும் கொடுக்காமல், மேலே உள்ள விடுபட்ட நிகழ்வெண் கணக்கை எண்களை மட்டும் மாற்றி ஒருமுறை கொடுங்கள். எண்களை மாற்றும்போது நிகழ்வெண்கள் ஐந்தையும் முதலில் நீங்களே முழு எண்களாக முடிவுசெய்து, சராசரியைக் கணக்கிட்டுவிட்டு, பிறகு இரண்டை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள்.